மலையூர் ஓ.பி.யில் ஆட்டிசம் ஸ்கிரீனிங்: எப்போது, எப்படி, அதன்பிறகு என்ன

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் இளம் குழந்தை மருத்துவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலை ஓ.பி.யில் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று வரிசை வாசல் வரை நிற்கிறது. ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. இதற்குள் ஆட்டிசம் ஸ்கிரீனிங் நடக்கிற காரியமா? அனுபவம் உள்ளவர்களுக்குக் குழந்தையைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா? அப்படியே கண்டுபிடித்தாலும், தெரபிக்குக் கோவைக்குத்தான் இறங்க வேண்டும் என்கிற ஊரில், பெற்றோருக்குப் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது நியாயமா?"

நடக்கிற காரியம்தான். ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை. ஸ்கிரீனிங் என்பது அந்தச் சந்தேகம் உள்ள குழந்தைகளைக் கண்டெடுக்கும் முதல்கட்ட விசாரிப்பு. எல்லாக் குழந்தைக்கும் எல்லா நாளும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்கு வரும் நாளில் ஒரு முறை, இரண்டு வயதில் இன்னொரு முறை. மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அனுப்ப இடம் இல்லை என்பதாலேயே பல மருத்துவர்கள் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். தெரபிஸ்ட் தொலைவில் இருக்கும் ஊரில்தான் சீக்கிரம் கேட்க வேண்டும். ஏனென்றால் அங்கே முதல் உதவியை வீட்டில் இருப்பவர்கள்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் "பார்த்தாலே தெரியும்" என்கிற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். 2015-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. சின்னக் குழந்தைகளின் 10 நிமிட வீடியோக்களை, ஆட்டிசத்தில் நல்ல பயிற்சி உள்ள உளவியலாளர்களிடம் காட்டி, யாரையெல்லாம் மேல்பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 39 சதவீதத்தினரை அவர்கள் தவறவிட்டார்கள். அந்தக் குழந்தைகளும் அந்தப் பத்து நிமிடத்தின் பெரும்பகுதியில் மற்றக் குழந்தைகளைப் போலவேதான் நடந்துகொண்டார்கள். நிபுணர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தே இப்படி என்றால், ஊசியைப் பார்த்து அலறும் குழந்தையை, ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் எல்லாவற்றையும் அவிழ்த்து நெஞ்சில் ஸ்டெத் வைக்கும் இரண்டு நிமிடத்தில் நாம் என்ன கண்டுவிட முடியும்? அந்த அறையில் எல்லாக் குழந்தையும் அழும், எல்லாக் குழந்தையும் கண்ணைப் பார்க்க மறுக்கும். வீட்டில் தினமும் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்போது கேட்பது என்பதற்கு நம் தடுப்பூசி அட்டவணையிலேயே இடம் இருக்கிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை, டி.பி.டி. பூஸ்டர், போலியோ பூஸ்டர் போடுகிறோம். எம்-சாட் என்று நாம் சொல்லும், பெற்றோரிடம் கேட்கும் ஆட்டிசம் வினாத்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 18, 24 மாதங்களில் ஆட்டிசத்துக்கென்று தனியாக ஸ்கிரீன் செய்யுங்கள் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் அதை ஒட்டியதுதான். நம் மலையில் வேறு எதற்கு வராவிட்டாலும் அந்தத் தடுப்பூசிக்குப் பெரும்பாலான தாய்மார் வந்துவிடுவார்கள். கிராம சுகாதார செவிலியர் விடமாட்டார். அந்த நாளை விட்டால் அடுத்த ஊசிக்கு ஐந்து வயது ஆகிவிடும்.

இதே காரணத்தால்தான் ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போடும் வதந்தியும் பிழைத்துக் கிடக்கிறது. பெற்றோர் மாற்றத்தைக் கவனிக்கும் வயதும் ஊசி போடும் வயதும் ஒன்றாக இருக்கின்றன. அந்த வதந்திக்குத் தொடக்கமான 1998-ம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கேள்வித்தாளை ஊசி போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும், அம்மாவும் நிதானமாகப் பதில் சொல்வார். பிறகு யாரும் ஊசி மேல் பழி போடவும் முடியாது.

எம்-சாட்டின் திருத்திய வடிவத்தில் 20 கேள்விகள். ஆம், இல்லை என்றுதான் பதில். பெரும்பாலானவற்றில் 'இல்லை' என்பது கவலைக்குரிய பதில். 2, 5, 12 ஆகிய மூன்றில் மட்டும் 'ஆம்' கவலைக்குரியது. காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது சந்தேகம் வந்ததா, கண்ணருகே விரல்களை விநோதமாக அசைக்கிறதா, சாதாரணச் சத்தங்களுக்கே கலவரப்படுகிறதா என்பவை அந்த மூன்று. இதைச் செவிலியருக்கு முதலிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டல் தப்பாகும். கவலைக்குரிய பதில்கள் மொத்தம் 0 முதல் 2 வரை என்றால் இப்போதைக்கு ஆபத்து குறைவு. 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே மேல்பரிசோதனை. இடையில் 3 முதல் 7 வரை வந்தால், கவலைக்குரிய பதில் வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு உதாரணங்களோடு மறுபடி விசாரிக்க வேண்டும். விசாரித்த பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் அனுப்ப வேண்டும்.

இந்த இரண்டாம் கட்ட விசாரணையைத்தான் நேரம் இல்லை என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்த முறையின் உயிரே அங்குதான் இருக்கிறது. 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், இரண்டு கட்டத்தையும் தாண்டி 'சந்தேகம்' என்று நின்ற குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆட்டிசம் உறுதியானது. மீதிப் பேரையும் சேர்த்துப் பார்த்தால் 95 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய பிரச்சினையோ இருந்தது. "தேவையில்லாமல் பயமுறுத்திவிடுவோமோ" என்று நீங்கள் தயங்குவதற்கு இதுதான் என் பதில். ஆட்டிசம் இல்லை என்று தெரியவந்தாலும், அந்தக் குழந்தை வீணாக அலைக்கழிக்கப்பட்டதாக ஆகாது.

ஆனால் தாளைக் கையில் கொடுத்து "நிரப்பிக் கொடுங்கம்மா" என்றால் நம் ஊரில் வேலைக்காகாது. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் எம்-சாட்டைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. ஆட்டிசம் இருந்த குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கைத்தான் வினாத்தாள் பிடித்துக்கொடுத்தது. அதன்பிறகு அதே குழுவினர், கேள்வியோடு படத்தையும் காட்டிக் கேட்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பகுதித் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஆய்வு நம் வாசலில் நடந்தது மாதிரிதான் எனக்குத் தோன்றும். "உங்க குழந்தை இதைச் செய்யுதா?" என்று வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால், "செய்யுதுங்க" என்று சொல்வதுதான் மரியாதை என்று நம் தாய்மார் நினைக்கிறார்கள். தன் பிள்ளையை விட்டுக்கொடுக்காத பாசமும் அதில் இருக்கிறது.

ஆகவே கேள்வியை மாற்றாமல், விசாரிப்பை நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். விரல் நீட்டிக் காட்டுவதைப் பற்றிய கேள்விகளைப் பாருங்கள். "காட்டுவானா?" என்றால் "ஓ, காட்டுவானே, பிஸ்கட் வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் டப்பா மேல வைப்பான்" என்பார் அம்மா. அது விரல் நீட்டுவது ஆகாது. அம்மாவின் கையைக் கருவியாகப் பயன்படுத்துவது. அதுவே கவனிக்க வேண்டிய அடையாளம். நான் இப்படிக் கேட்பேன்: "தோட்டத்துக்குள்ள காட்டுமாடு நிக்குது. நீங்க பார்க்கலை, அவன் பார்த்துட்டான். என்ன செய்வான்?" வழக்கமான வளர்ச்சியுள்ள ஒன்றரை வயதுக் குழந்தை விரலை நீட்டும், ஏதாவது சத்தம் போடும், உடனே திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும். 'நீயும் பார்த்தாயா?' என்கிற அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். வேண்டிய பொருளைக் கேட்பதற்காகக் காட்டுவது வேறு, கண்டதைப் பகிர்ந்துகொள்ளக் காட்டுவது வேறு. ஆட்டிசத்தில் முதலாவது சிலருக்கு வரும். இரண்டாவதுதான் வெகுவாகக் குறைந்திருக்கும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அப்படித்தான். "கூப்பிட்டா திரும்புவானா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "விளையாடிட்டு இருக்கும்போது, பின்னாடி நின்னு, சாதாரணக் குரல்ல பேரை மட்டும் சொன்னா? மூணு தடவை கூப்பிட்டா எத்தனை தடவை திரும்புவான்? சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்கு?" என்று கேளுங்கள். பெயருக்குத் திரும்பாத குழந்தை பாக்கெட் சத்தத்துக்கும் குன்னூர் ரயிலின் கூவலுக்கும் ஓடி வந்தால், அம்மாவே ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த யோசனைக்கு இடம் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் பெரிய விஷயம். கொழுந்து பறிக்கும் அம்மா காலையில் போனால் மாலையில்தான் திரும்புகிறார். பகல் முழுக்கக் குழந்தை பாட்டியிடமோ எஸ்டேட் கிரெஷ் என்கிற குழந்தைகள் காப்பகத்திலோ இருக்கிறது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் கிரெஷ் இருக்க வேண்டும் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தக் கிரெஷ் ஆயாவைப் போல ஒரு தகவலாளி உங்களுக்குக் கிடைக்கமாட்டார். ஒரே வயதுக் குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருடக்கணக்காகப் பார்த்தவர். "மத்த பிள்ளைங்க எல்லாம் கதவைத் திறந்தா என்கிட்ட ஓடி வரும், இது மட்டும் மூலையில டப்பா மூடியைச் சுத்திட்டே இருக்கும்" என்று ஓர் ஆயா சொன்னால், எந்த வினாத்தாளை விடவும் அதற்கு நான் எடை கொடுப்பேன். அம்மாவின் அனுமதி கேட்டு ஆயாவிடம் போனில் பேசிவிடலாம். அங்கன்வாடிப் பணியாளரும் அப்படித்தான்.

மொழி விஷயத்தை மலையில் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஹட்டி என்கிற படுகர் ஊரில் படுக மொழி, கடையில் தமிழ், பந்தலூர்ப் பக்கம் மலையாளம், கர்நாடக எல்லையை ஒட்டிக் கன்னடம், இப்போது தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்களின் மொழிகள். பேச்சு வராவிட்டால் "நாலு மொழி கேட்குது, குழம்பிப்போச்சு" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில சமயம் நாமும் சொல்லிவிடுகிறோம். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வராது; வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லவும் எந்த நியாயமும் இல்லை. பாட்டி பேசும் மொழியை நிறுத்தினால் அந்தக் குழந்தையோடு அதிக நேரம் இருக்கிறவரின் வாயைத்தான் கட்டுகிறோம். சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். எம்-சாட்டுக்குத் தமிழ் வடிவம் உண்டு. படுகர் தாய்க்கு படுகர் செவிலியர் ஒருவர் வாய்வழியாக விளக்கிக் கேட்டால் இன்னும் நல்லது.

"ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "இவங்கப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்பார்கள். நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்திருப்பார்கள். அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம், கவலைப்பட்டுத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பேச்சு மட்டும் தாமதமாகும் குழந்தை சைகையால் பேசும், முகத்தால் பேசும், கையாட்டும், தலையாட்டும், அடம்பிடித்துத் தன் எண்ணத்தைப் புரியவைத்துவிடும். பேச்சும் இல்லை, சைகையும் இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. 12 மாதத்தில் மழலைச் சத்தமோ சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல் இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் வினாத்தாள் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அனுப்புங்கள். எந்த வயதிலும், வந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோனால் அன்றே.

செல்போனைப் பற்றியும் கேட்பார்கள். திரை பார்ப்பதால் ஆட்டிசம் வருகிறது என்று சொல்லி அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அதே சமயம் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதைச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் குழந்தைக்கு போன்தான் துணை என்று எனக்கும் தெரியும். முழுக்க நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் முகம் பார்த்து ஊட்டட்டும்.

சந்தேகம் நின்றுவிட்டால் முதலில் காது. குளிரும் சளியும் ஓயாத ஊர் இது. நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்த குழந்தைகள் நம்மிடம் நிறைய வருகிறார்கள். கதவைத் தட்டினால் திரும்புகிறது என்பது காது பரிசோதனை ஆகாது. முறையான கேட்டல் பரிசோதனை, தேவைப்பட்டால் பெரா (ஒலிக்கு மூளை தரும் பதிலை அளக்கும் சோதனை), செய்தே தீர வேண்டும். அதற்காக மற்றதை நிறுத்தி வைக்கவும் கூடாது. வலிப்போ வேறு நரம்பியல் அறிகுறியோ இல்லாத குழந்தைக்கு எடுத்தவுடனே எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. என்று எழுதாதீர்கள். கோவை போய்வரும் செலவை அந்தக் குடும்பம் எத்தனை நாள் கூலியில் ஈடுகட்டும் என்று யோசியுங்கள்.

அனுப்புவதற்கு அரசு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரமம் என்கிற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். அவர்கள் அனுப்பும் குழந்தைகளுக்காக மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறைப் பயிற்சியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டிய இடம் அது. உங்கள் அனுப்புச் சீட்டில் 'வளர்ச்சித் தாமதம்' என்று மொட்டையாக எழுதாமல், எம்-சாட் மதிப்பெண்ணையும், எந்தெந்தக் கேள்விக்குக் கவலைக்குரிய பதில் வந்தது என்பதையும், காது பரிசோதனை முடிவையும் எழுதினால் அங்கே ஒரு நடை மிச்சமாகும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், சேரம்பாடி என்றால் இன்னும் தள்ளி. ஒரு நடை மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை.

அந்த மையத்தில் பார்க்கும் தேதி வரும் வரை என்ன செய்வது? இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தெரபிஸ்ட் படிப்பு இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, பெற்றோர் மூலமாகவே உதவி கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து ஈடுகொடுப்பது நன்றாக முன்னேறியது, குழந்தைகள் தாங்களாகத் தொடர்புகொள்ள முயல்வதும் கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சியும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான்: 9 குழு அமர்வுகள், 3 வீட்டு வருகைகள். இவை முழுமையான சிகிச்சைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரபிஸ்ட் இல்லை என்பதால் செய்ய ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது என்பதற்கு இவை போதும்.

உங்கள் அறையிலேயே ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கக்கூடியவை இருக்கின்றன. தரையில் குழந்தைக்கு எதிரே, அதன் முகத்துக்கு நேராக முகம் வரும்படி உட்காரச் சொல்லுங்கள். என்ன விளையாட வேண்டும் என்று சொல்லாமல், அது என்ன செய்கிறதோ அதில் போய்ச் சேர்ந்துகொள்ளட்டும். மூடியைச் சுற்றினால் தானும் ஒரு மூடியைச் சுற்றி, "சுத்துது... நின்னுடுச்சு" என்று ஒன்றிரண்டு சொல்லில் பேசட்டும். கேள்வி மேல் கேள்வி கேட்க வேண்டாம். பிடித்த பொருளைக் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், கைக்கு எட்டாமல் வைத்துவிட்டுக் காத்திருக்கட்டும். குழந்தை ஒரு பார்வை பார்த்தாலும் ஒரு சத்தம் கொடுத்தாலும் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு உடனே கொடுக்கட்டும். கைதட்டிப் பாடும் பாட்டில் கடைசிச் சொல்லை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். காலையில் பத்து நிமிடம், விளக்கு வைத்த பிறகு பத்து நிமிடம். அம்மாவால் முடியாவிட்டால் பாட்டி, அவராலும் முடியாவிட்டால் அக்கா. ஒருமுறை நீங்களே தரையில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள். வாயால் சொல்வது வீட்டுக்குப் போய்ச் சேராது.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? ஸ்கிரீனிங் முடிவைக் கொண்டு "ஆட்டிசம்" என்று முடிவுகட்டிச் சொல்லக் கூடாது. கேட்டால் அந்தச் சொல்லை மறைக்கவும் கூடாது. "அம்மா, இந்தக் கேள்வியில சில இடத்துல குழந்தைக்குக் கூடுதல் உதவி வேணும்னு தெரியுது. காரணம் காதா, பேச்சா, ஆட்டிசமான்னு பார்க்க ஊட்டிக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் வீட்ல செய்ய வேண்டியதை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். உங்க வளர்ப்புல எந்தத் தப்பும் இல்லை." இந்தக் கடைசி வாக்கியத்தை மாமியாரும் கணவரும் அறையில் இருக்கும்போது சொல்லுங்கள். அடுத்த வருகைக்குத் தேதி போட்டு, ஒரு போன் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். பயந்துபோன குடும்பத்தை வலைதளத்தில் பிடித்துக்கொள்ள ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைப்பதற்கு முன் உங்களிடம் வந்து கேட்கும்படி முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். ஆட்டிசம் உறுதியானால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் அடங்கும் என்பதையும் அப்போது சொல்லுங்கள்.

ஸ்கிரீனிங்கின் வரம்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஏறக்குறைய 26,000 குழந்தைகளின் அன்றாட மருத்துவமனை வருகைகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், பிற்பாடு ஆட்டிசம் உறுதியான குழந்தைகளில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களையே எம்-சாட் முன்கூட்டிப் பிடித்திருந்தது. 2016-ல் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு, எந்தக் கவலையும் தெரிவிக்கப்படாத குழந்தைகள் எல்லோரையும் ஸ்கிரீன் செய்வதன் நன்மை தீமையை எடைபோடச் சான்று போதாது என்றே சொன்னது. கவலைப்பட்டுத் தாங்களாகவே வாய் திறக்கும் பெற்றோர் இருக்கும் இடத்தில் அந்த வாதத்துக்கு ஓரளவு பொருள் உண்டு. "டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லலாமா" என்று தயங்கி நிற்கும் தாய்மார் வரும் நம் ஓ.பி.யில், நாம் கேட்காவிட்டால் அந்தக் கவலை வெளியே வரவே வராது.

எனவே 18 மாதத்தில் தேறிய குழந்தையையும் 24 மாதத்தில் மறுபடி கேளுங்கள். அப்போது ஊசி எதுவும் இல்லாததால் தானாக வரமாட்டார்கள். வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் நாளோடு சேர்த்துவிடுங்கள், அல்லது செவிலியரின் பதிவேட்டில் தேதி எழுதி வைத்து போன் செய்யச் சொல்லுங்கள். பெண் குழந்தை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விசாரியுங்கள். "அமைதியான பொண்ணு, தொந்தரவே இல்லை" என்று பெருமையாகச் சொல்லப்படும் குழந்தைகளில் சிலர் பள்ளிக்கூடம் போகும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தப் பதிவேட்டில் ஒரு பத்தியில் 18 மாத மதிப்பெண், அடுத்த பத்தியில் 24 மாத மதிப்பெண், மூன்றாவதில் 'எங்கே அனுப்பினோம், போனார்களா' என்று கோடு போட்டுவிட்டால் போதும். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் குழந்தைகளின் வீட்டுக்கு, மாதம் ஒருமுறை போன் செய்யும்படி செவிலியரிடம் சொல்லுங்கள்.